வரத்துக்காலோடு ஒரு நாள் நடை



சித்திரை பிறந்துவிட்டால் நம்ம கரிசல் காட்டுச் சம்சாரிக்கு என்ன வேலை இருக்கிறது? பருத்தி மார் பிடுங்கியாச்சு. மக்காச்சோளத் தட்டை படப்பில் ஏறியாச்சு. கிணறு வைத்திருக்கிற நாலு பேரைத் தவிர மற்றவர்களுக்குக் காட்டுப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. சாவடித் திண்ணையும் வேப்ப மரத்து நிழலும் ஆடுபுலி ஆட்டமும்தான். மழை பெய்யுமா பெய்யாதா என்று பேசிப் பேசியே பொழுது போய்விடும்.

இந்த ஓய்வு நாளில் ஒரே ஒரு நாளை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஒரு நாள் நடக்க வேண்டும். வேகமாக நடக்க வேண்டியதில்லை. விடியுமுன் கிளம்பி, வேடிக்கை பார்த்துக்கொண்டே, உச்சி வெயிலில் மர நிழலில் படுத்து எழுந்து, பொழுது சாயப் போய்ச் சேர்ந்தால் போதும். எங்கே நடப்பது? உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து, அதற்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் வழியே, அது எங்கே தொடங்குகிறதோ அதுவரை.

"இதென்னய்யா புதுசா?" என்று கேட்பீர்கள். புதுசு ஒன்றுமில்லை. நடப்பதற்கு நம்ம பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள்! சிவகாசி, ராஜபாளையம், கோவில்பட்டி என்று நாலு திசையிலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு இரவெல்லாம் நடந்து போகிறோம். கால் கொப்புளம் போட்டாலும் பரவாயில்லை என்று போகிறோம். ஆனால் நம்ம கண்மாயின் வரத்துக்காலில் மூன்று மைல் நடந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டால், பல ஊர்களில் பதில் சொல்ல ஆள் கிடையாது.

எங்கள் ஊர், திருத்தங்கலுக்குக் கிழக்கே அர்ச்சுனா நதிக்குத் தென்பக்கம். கண்மாய் பெருகிப் பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல மழை பெய்த வருஷங்களில்கூட அரைக் கண்மாய்க்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. பக்கத்து ஊர்க் கண்மாய் மறுகால் போகிறது, நம்மூர்க் கண்மாயில் மாடு குளிப்பாட்டத்தான் தண்ணீர் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழை குறைந்து போச்சு என்றார் ஒருவர். மேட்டூர்க்காரன் மறித்துவிட்டான் என்றார் இன்னொருவர். நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் ஒரு சித்திரை மாதம் நாங்கள் பதினோரு பேர் கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்கும் அது ஒத்துவரும்.

முதலில், யார் யாரைக் கூட்டிப் போவது என்று பாருங்கள். ஊரில் முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவர்தான் முதல் ஆள். நடக்க முடியாவிட்டால் மொபெட்டில் வைத்துக் கொண்டுபோய் அங்கங்கே இறக்கியாவது அவரைக் கூட்டிப் போக வேண்டும். எங்களோடு வந்த தாத்தாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கண் மங்கல்தான். ஆனால் கால் வைத்த இடத்தை வைத்தே, "இது கோணக்கால் திருப்பம். இங்கே ஒரு கல் கிடக்கணுமே, பாரு" என்பார். முள்ளை விலக்கிப் பார்த்தால் கல் கிடக்கும். அடுத்தது, ஒரு கொத்தனார். அடுத்தது, ஆடு மேய்க்கிற ஒருவர், அவருக்குத் தெரியாத பள்ளம் மேடு கிடையாது. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று நாலு பேர்.

பையன்கள் எதற்கு என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து தேசத்துக் கிராமங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம், கோடை தொடங்குகிற சமயத்தில், ஊர் ஜனங்கள் பாதிரியாரோடு ஊர் எல்லை முழுவதையும் நடந்து சுற்றி வருவார்கள். கையில் குச்சி வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தட்டுவார்கள். கூட வரும் பையன்களையும் அந்தக் கல்லில் இடித்து எழுப்புவார்கள், சில இடத்தில் குச்சியால் ஒரு போடும் போடுவார்கள். வலி மறக்காது, எல்லையும் மறக்காது என்ற கணக்கு! வரைபடம் பரவாத காலத்தில் பையன்களின் ஞாபகம்தான் ஊருக்குப் பத்திரம். நாம் பையனை அடிக்க வேண்டாம். நுங்கு வாங்கிக் கொடுத்தாலே அந்த இடம் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

எடுத்துப் போக வேண்டிய சாமான் அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தூக்குச்சட்டியில் கம்மங்கூழோ நீராகாரமோ, உப்பு, சின்ன வெங்காயம், தலைக்குத் துண்டு, காலுக்குச் செருப்பு. இரண்டு அரிவாள், ஒரு மண்வெட்டி, ஒரு அளவு நாடா, கொத்தனார் மட்டம் பார்க்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் முப்பது அடி. ஒரு நோட்டு, ஒரு பேனா. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வரத்துக்கால் போகிற சர்வே எண்களையும் புலப்படத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் ரொம்ப நல்லது.

காலை நாலரை மணிக்கு நாங்கள் கண்மாய்க் கரையில் நின்றோம். இருட்டு பிரியவில்லை. கரையில் நிற்கும்போதே ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்துவிட்டது. கண்மாய் உள்வாய் முழுக்கக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் பையன் ஒருவன் கம்பை விட்டான், முழங்கை அளவு உள்ளே போனது. கரிசல் மண்ணின் குணம் அது. காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும், நனைந்தால் பொங்கி மூடும். முதல் மழைத் தண்ணீர் முழுவதையும் இந்த வெடிப்புகளே குடித்துவிடும். வரத்துக்காலும் கரிசலில் போவதுதானே? அதனால் முதல் மழையில் தண்ணீர் வரவில்லை என்று யாரும் பதற வேண்டாம். இரண்டாம் மழைக்கும் வரவில்லை என்றால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

கண்மாய்க்குள் வரத்துக்கால் வந்து விழுகிற வாயைப் பார்த்தோம். அங்கேயே சீமைக் கருவேலம் அடைத்து நின்றது. ஆள் நுழைய முடியாது. இந்த மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்து வறண்ட சீமையிலிருந்து வந்த மரம். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பரப்பினார்கள். அது நம்ம பக்கம் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. ஆனால் நீர்வழியில் அதற்கு என்ன வேலை? 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். வெட்டியதோடு விட்ட இடமெல்லாம் மறு வருஷமே முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது. வெட்டினால் அது சாகாது, தூரோடு பிடுங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இதன் இலையை ஆடு தொடாது, நெற்றை மட்டும் விரும்பித் தின்னும். தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு போகிற வழியெல்லாம் விழுந்து முளைக்கும். ஆகவே பிடுங்கிய இடத்தில் அடுத்த இரண்டு மழைக்கும் முளைக்கிற கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். அதைச் செய்யாமல் பொக்லைனுக்குக் காசு கொடுப்பது வீண்.

முள்ளைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தோம். அரை மைல் வரை கால் நன்றாகவே இருந்தது. இரு கரையிலும் வரிசையாகப் பனை. காலை வெயில் மஞ்சளாய் விழுந்த நேரம். கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு குறுக்கே ஓடியது. தொலைவில் மயில் கத்தியது. அடுத்த ஊர்ப் பனையேறி அண்ணாச்சி மரத்திலிருந்து இறங்கி வந்து, "எங்கேப்பா படை கிளம்பியிருக்கு?" என்று கேட்டு ஆளுக்கொரு பட்டை பதனீர் ஊற்றினார். காசு வாங்கவில்லை. "கம்மாயில தண்ணி நின்னா என் பனையும் பாளை விடும், எனக்கும் சேர்த்துத்தான் நடக்கிறீங்க" என்றார்.

அதற்கப்புறம்தான் விஷயம். கால், ஒரு தார்ச் சாலையைத் தாண்டுகிறது. சாலை அகலப்படுத்தியபோது பழைய கல் பாலத்தை எடுத்துவிட்டு இரண்டு சிமெண்டுக் குழாய் புதைத்திருக்கிறார்கள். பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. குழாய்க்குள் அடைப்பும் இல்லை. ஆனால் குழாய்க்கு மேல்புறத்தில், காலின் தெற்குக் கரை உடைந்து, தண்ணீர் பக்கத்துப் பிஞ்சைக்குள் அரித்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. கொத்தனார் உட்கார்ந்து யோசித்தார். "குழாயை உசரத்துல வச்சிருக்காங்க" என்றார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஊரிலும் தேவைப்படும். பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினோம். ஒரு முனையைப் பாலத்துக் குழாயின் அடி விளிம்பில் ஒருவர் தூக்கிப் பிடித்தார். மறு முனையை, சற்று மேலே, காலின் தரையில் இன்னொருவர் பிடித்தார. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அது இயற்கை. தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரைக்கும் இரண்டு பக்கமும் நாடாவால் அளந்தோம். பாலத்துப் பக்கம் 2 அடி, கால் பக்கம் மூன்றே கால் அடி. அதாவது காலின் தரையைவிடக் குழாய் ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஒன்றேகால் அடி தேங்கி நின்றால்தான் குழாய்க்குள் நுழையும். கரையோ ஓரடி உயரத்தில் கரைந்து கிடக்கிறது. அப்புறம் தண்ணீர் எப்படி ஊருக்கு வரும்? பிஞ்சை வழியாகப் பாய்ந்து ஓடையில் விழுந்து, ஆற்றுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நாம் மேட்டூர்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தோம்!

அந்த அளவை நோட்டில் எழுதிக்கொண்டோம். பையன் ஒருவன் செல்போனில் நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்தான். 'குழாய் சரியில்லை' என்று மனுக் கொடுத்தால் அது பத்தோடு பதினொன்று. 'ஒன்றேகால் அடி உயரம்' என்று படத்தோடு கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியது. காலுக்கு வடக்கே பட்டாசு ஆலையின் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒரு அறையில் அசம்பாவிதம் நடந்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் பீடி, தீப்பெட்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். முள்ளைக் கொளுத்திச் சுத்தம் பண்ணலாம் என்ற யோசனையே வேண்டாம். வேலியைத் தாண்டி நிழலுக்கு ஒதுங்குவதும் கூடாது. இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம்ம பெண்டு பிள்ளைகள்தான் அந்த அறைகளுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

இந்தத் தொழில் நம்ம பக்கம் வந்த கதையை நினைத்தால் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் என்னமோ போல இருக்கும். அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923ல் சிவகாசியில் தொழிலை ஆரம்பித்தார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் கிடையாது, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். எந்த வெயில் நம்ம பயிரைக் காய வைத்ததோ அதே வெயில்தான் சிவகாசிக்குச் சோறு போட்டது. அப்புறம் பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. தண்ணீர் இல்லாத சம்சாரி ஆலைக்குப் போனான். ஆலைக்குப் போனபிறகு கண்மாயைப் பார்க்க ஆளில்லை. பார்க்க ஆளில்லாததால் தண்ணீர் இன்னும் குறைந்தது. எது முன்னே எது பின்னே என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக்கொண்டன. ஆலைக்குப் போவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வாரக் கூலி வருகிற இடத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார் என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் ஆலைக்கு விடுமுறை விடுகிற நாள் வருஷத்தில் உண்டல்லவா? அதில் ஒரு நாளைக் கேட்கிறேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். கோடை நடையில் இது முக்கியமான விதி. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நடக்கக் கூடாது, எத்தனை தைரியசாலியானாலும் சரி. தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காமல் அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மோரிலும் கூழிலும் உப்புச் சேர்த்துக் கொள்ளுங்கள். கூட வருகிறவருக்குத் தலை சுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் இருந்தால், அல்லது வியர்வை நின்று உடம்பு கொதித்தால், உடனே நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பெல்லாம் துடைத்து விசிறி, 108க்குப் போன் போடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அந்த ஆலமரத்தடி நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. கூழும் வெங்காயமும், ஒருவர் கொண்டு வந்த சாத்தூர்ச் சேவும், வழியில் வாங்கிய பிஞ்சு வெள்ளரிக்காயும் சாப்பாடு. நிழலில் ஏற்கெனவே ஒரு கீதாரி ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடம்பில் செம்புள்ளி விழுந்த வேம்பூர் ஆடுகள், நம்ம பக்கம் பொட்டு ஆடு என்கிறோமே அவைதான். "வாங்க சம்சாரி" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட்டுக்கொண்டே ஊர் ஊராக நடக்கிறவர் அவர். நாம் ஒரு நாள் நடப்பதைப் பெரிதாகச் சொல்கிறோம், அவர்களுக்கு வருஷம் பூராவும் நடைதான்.

கிடைக்குக் காசு கொடுக்க யோசிக்கிற சம்சாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுப் புழுக்கையை மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், மூத்திரத்தையும் பாருங்கள். குப்பை வண்டியில் அள்ளிப் போடுகிற எருவில் மூத்திரச் சத்து பெரும்பாலும் வழியிலேயே போய்விடும். கிடையில் அது நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. தினமும் கிடையை இடம் மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். கிடை எழுந்ததும் மேலோட்டமாக ஒரு உழவு போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். வெயிலில் காய விட்டால் பாதி சத்து காற்றோடு போய்விடும்.

அந்தக் கீதாரிதான் எங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி சொன்னார். "மேலே ரெண்டு எடத்துல கால் கரையே இல்லீங்க, உழுது சேத்துட்டாங்க. நான் ஆடு பத்துறப்போ தடம் இல்லாம திண்டாடுறேன்" என்றார். யார் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே ஆட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

மூன்றரைக்கு எழுந்து நடந்தோம். அவர் சொன்னது சரிதான். அகலமான கால், இரண்டு காட்டுக்கு நடுவில் ஒற்றை வரப்பாகச் சுருங்கிப் போயிருந்தது. தாத்தா நின்றார். கம்பைத் தரையில் ஊன்றி, "இங்கே மூணு மாட்டு வண்டி பக்கத்துல பக்கத்துல போகும்" என்றார். புலப்படத்தைப் பிரித்துப் பார்த்தோம். அதிலும் அகலமாகத்தான் இருந்தது. உழுது சேர்த்தது யார் தெரியுமா? எங்களோடு நடந்து வந்தவர்களில் ஒருவருடைய மைத்துனர்! அந்த மனுஷருக்கு முகம் சுண்டிப் போச்சு. யாரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில்தான் பல ஊர்களில் காரியம் கெட்டுப் போகிறது. கோபத்தில் நாலு வார்த்தை விட்டால் அது சாதிச் சண்டையாகவோ பங்காளிச் சண்டையாகவோ முடியும், தண்ணீர் அங்கேயே நிற்கும். சட்டம் இருக்கிறது. ஏரி, கண்மாய்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். ஆனால் சட்டத்துக்குப் போவதற்கு முன் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே தாத்தாவும் அந்த மைத்துனர் முறைக்காரரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். "கால் மேல உன் பாட்டன் உழமாட்டான் மாப்ளே. உன் கிணத்துக்கு ஊத்து எங்கேயிருந்து வருதுன்னு நெனைக்கிறே? கம்மா நெறஞ்சாத்தான் வரும்" என்று தாத்தா சொன்னாராம். அவர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சர்வேயர் வந்து அளக்கட்டும், அளந்தால் விட்டுவிடுகிறேன் என்றார். அதுவே பெரிய விஷயம். சர்வேயருக்கு மனுப் போட்டோம்.

அதற்கு மேலே நிலம் மெல்லச் சரிந்து வருகிற இடம். இரு பக்கத்துப் பிஞ்சையின் மழைத் தண்ணீரும் காலுக்குள் இறங்க வேண்டிய இடம். இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், மனசில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். அப்படியானால் ஒரு அங்குல மழைக்கு ஆறு கோடி லிட்டருக்கு மேல். பெரும்பகுதியை மண் குடித்துவிடும், குடிக்கவும் வேண்டும். பத்தில் ஒரு பங்கு காலுக்கு வந்தாலே அறுபது லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் ஐந்நூறு லாரிக்கு மேல்! ஒரே ஒரு மழையில், ஒரே ஒரு சதுர மைலில். நம்ம மாவட்டத்தில் வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்கிறது, அதில் பாதியோடு ஒட்டிய பங்கு ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றியே கொட்டிவிடுகிறது. அந்தச் சில நாளில் கால் சரியாக இருந்தால் பிழைத்தோம்.

சரிவில் இருக்கிற காட்டுக்காரர்கள் கோடை மழை ஒன்று விழுந்ததும் ஈரம் பார்த்துச் சரிவுக்குக் குறுக்கே உழுது போட வேண்டும். சரிவை ஒட்டி உழுதால் ஒவ்வொரு சாலும் மேல்மண்ணை அள்ளிக் காலுக்குள் கொட்டுகிற வாய்க்கால் ஆகிவிடும். கோடை உழவில் கோரைக் கிழங்கும் அறுகு வேரும் மேலே வந்து காயும். மண்ணுக்குள் கிடக்கிற கூட்டுப்புழுக்களைக் கரிச்சானும் மைனாவும் பொறுக்கித் தின்னும். 2018ல் நம் நாட்டுக்குள் வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய அமெரிக்கப் படைப்புழுவுக்கும் முதல் வைத்தியம் இந்த ஆழ உழவுதான். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் இட வேண்டும்.

வேம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. சித்திரையில் வேம்பு பூவும் பிஞ்சுமாக இருக்கும். நடக்கிற வழியில் எந்தெந்த மரம் நன்றாகக் காய்க்கிறது என்று பையன்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்துக்கொள்ளலாம். 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்கு மருந்து. சாயங்கால வேளையில் தெளிக்க வேண்டும். கடைக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கால் தொடங்குகிற இடம் வந்துவிட்டது. அர்ச்சுனா நதி. மேற்கு மலையில் பிறந்து, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைத் தாண்டி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிற ஆறு. இரண்டு ஆறு கூடுகிற இடம், 'இருகங்கைக்குடி'தான் இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். நாங்கள் போனபோது ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. மணலில் உட்காரலாம் என்று இறங்கினால் மணலைக் காணோம். வெறும் கட்டாந்தரையும் நாணலும் முள்ளும். தாத்தா கரையில் நின்று கீழே பார்த்தார். "அப்போ நான் இங்கே நின்னா தரை முழங்கால் ஆழத்துல இருக்கும். இப்போ ஆள் உசரத்துக்குக் கீழே போயிருச்சே" என்றார்.

முன்பெல்லாம் வெள்ளம் வருகிற சமயம் ஊரே வந்து ஆற்றுக்குள் மணலும் தழையும் வைத்துக் கொரம்பு கட்டும். தண்ணீர் அரை அடி ஏறினாலே காலுக்குள் திரும்பிவிடும். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், வராதவர் கூலி கட்ட வேண்டும். அதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் காலத்தில் 1858ல் இதை வைத்தே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டான். சட்டத்துக்கு முன்பே வழக்கம் இருந்தது. 2017ல் அதே பெயரில் அரசாங்கம் திட்டம் கொண்டு வந்து பல கண்மாய்களைத் தூர் வாரியது. கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடிக்காரரான சோ. தர்மன், கண்மாயையும் அதை நம்பிய ஜனங்களையும் வைத்து எழுதிய 'சூல்' நாவலுக்கு 2019ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நூலகத்தில் இருந்தால் வாங்கிப் படியுங்கள்.

ஆற்று மணல் போனதால் ஆற்றின் தரை தாழ்ந்துவிட்டது. காலின் வாய் மேலே தொங்குகிறது. இதை மண்வெட்டியால் சரி செய்ய முடியாது. ஆற்றுக்குள் ஒரு தடுப்பணை கட்டித் தண்ணீரை உயர்த்தினால்தான் கால் ஏறும். அது நீர்வளத்துறை மதிப்பீடு போட்டுச் செய்ய வேண்டிய பெரிய காரியம். அதற்கு மனுக் கொடுத்திருக்கிறோம், இன்னும் ஆகவில்லை, ஆக நாளாகும். ஆனால் சரிவுப் பிஞ்சைத் தண்ணீர் காலுக்கு வருவதற்கு ஆறு தேவையில்லை. பாலத்துக் குழாயும் இரண்டு காட்டுக்காரரும் வழிவிட்டால் போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டோம், அந்த ஒரு நாளில்.

நடந்துவிட்டு வந்ததும் நோட்டைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். மே 1ஆம் தேதி கிராம சபைக் கூட்டம் வருகிறது. அதற்கு முன்பே நடந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் சர்வே எண்ணோடும் அளவோடும் எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். நகலைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். முள்ளைத் தூரோடு எடுப்பது, காலை ஆழப்படுத்துவது போன்றவற்றை ஊராட்சி வேலைகளில் சேர்க்கச் சொல்லுங்கள். கண்மாயில் வண்டல் எடுக்க நினைக்கிறவர்கள் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுக்கலாம். கரையை ஒட்டியும் மடையை ஒட்டியும் பள்ளம் தோண்டக் கூடாது, உள்வாயில் பரவலாக மேல்வண்டலைத்தான் அள்ள வேண்டும். செவலைக் காட்டுக்கு அந்த வண்டல் பொன்.

எங்கள் பாலத்துக் குழாய் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு தரம் பொறியாளர் வந்து பார்த்துப் போயிருக்கிறார். குழாயை இறக்குகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாதே என்று, உடைந்த தெற்குக் கரையை நாங்களே மண் போட்டு இரண்டடிக்கு உயர்த்திவிட்டோம். முப்பது ஆள், ஒரு டிராக்டர், அரை நாள் வேலை. தண்ணீர் ஒன்றேகால் அடி தேங்கினாலும் இனி வேறு பக்கம் போகாது, குழாய்க்குள்தான் நுழைந்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கோடையில் நடந்த அதே வழியைப் புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற அன்றைக்கு ஒரு தரம் நடந்துவிடுங்கள். தலைக்குச் சாக்குக் கொங்காணி போதும், கையில் மண்வெட்டி இருக்கட்டும். இடி இடிக்கும்போது மட்டும் பனை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். தண்ணீரின் முன்நுனி எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று அதோடு கூடவே நடந்து பாருங்கள். கோடையில் எழுதிய நோட்டில் அந்த இடத்துக்கு நேரே ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்கள். பையன்களை அன்றைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.